லெப்டினென்ட் பிரமிளாவின் பெட்டியில் ஒரு முழம் இடம்

எங்கள் வேலிப்பட்டில் குழாயடியில் குடங்கள் கணவன்மாரின் ரேங்க் வரிசையில்தான் நிற்கும். முதலில் சுபேதார் வீட்டுக் குடம், அதன் பின்னால் ஹவில்தார் வீட்டுக் குடங்கள், பிறகு நாயக்குகள், கடைசியில் சிப்பாய் வீட்டுக் குடங்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர் அது. பட்டாளத்தில் யாரும் இல்லாத நான்கைந்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் நின்றுபோகிற நேரத்துக்குப் போய்க் குழாயில் சொட்டுவதைப் பிடித்துவர வேண்டும், அந்த நான்கைந்தில் என் வீடும் ஒன்று.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட தொழில். செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்ற வேண்டும், நடுவில் பேசினால் எண்ணிக்கை போய்விடும், அதனால்தான் ஏகாம்பரத்துக்குப் பேச்சு குறைந்துபோனது என்று ஊரில் சொல்வார்கள். பேச்சு முதலிலேயே குறைவு, அதனால்தான் அந்தத் தொழில் எனக்குச் சரிப்பட்டது.

அப்படிப்பட்டவனை, மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து தோளுக்கு இரண்டு நட்சத்திரம் வைத்திருந்த லெப்டினென்ட் பிரமிளா கல்யாணம் செய்துகொண்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடைசியில் வைத்த என் குடத்தை, சுபேதார் வீட்டு ரங்கநாயகி அம்மாள் தன் கையாலேயே எடுத்துப்போய்த் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார். முப்பது வருடம் அந்தக் குழாயடியை ஆண்ட அம்மாள்.

"லெப்டினென்ட் வீட்டுக் குடம் பின்னால நிக்கக் கூடாது தம்பி. மொறைன்னு ஒண்ணு கீது."

"பரவால்லம்மா, நான் மெதுவா..."

"உன்ன யாரு கேட்டா. இது ரேங்க்குக்கு."

கல்யாணமாகி எட்டாவது மாதம் பிரமிளா பதினைந்து நாள் லீவில் வந்தாள். வந்தவள் தோள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். வடக்கே மலைமேல், குளிர்காலம் வந்தால் பாதையே மூடிப்போகிற ஓர் இடத்தில் இருக்கும் ஃபீல்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், லீவு முடிகிற வியாழக்கிழமை மதியம் காட்பாடியில் ரயில் ஏற வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் ஓடிப்போனவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதுதான் அவளுக்கு முதல் ஃபீல்டு போஸ்டிங், இரண்டு வருடம்.

"போகணும்ங்க" என்றாள்.

"சரி" என்றேன். நான் எதற்கும் சரி என்றுதான் சொல்வேன்.

அன்று சாயங்காலமே ரங்கநாயகி அம்மாள் தலைமையில் பெண்கள் பதினோரு பேர் என் வீட்டுக்கு வந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தாங்கள் தரையில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன், விடாமல் ஊர் முறைகளைச் சொன்னார்கள். போகிறவர் பெட்டியை வீட்டில் இருப்பவர்தான் கட்ட வேண்டும், போகிறவர் ஒரு கைக்குட்டையைக்கூட அதில் வைக்கக் கூடாது, வழியனுப்பும்போது கண்ணில் தண்ணீர் வரக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்டி நிறையாமல் பூட்டக் கூடாது. பெட்டிக்குள் காலி இடம் இருந்தால் போனவருக்கு அங்கே மனம் நிலைகொள்ளாமல் உருண்டுகொண்டே இருக்கும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் பூட்டும் முன் பெட்டியை ஆட்டிப் பார்ப்பார்கள், உள்ளே ஒரு ஊசி அசைந்தாலும் திறந்து எதையாவது திணிப்பார்கள்.

"ஆம்பளையாச்சே, இதெல்லாம் முடியுமா" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அவரு இப்ப ஆம்பளை இல்லடி, மிலிட்டரி வீட்டுக்காரரு" என்றாள் ஹவில்தார் வீட்டு நாகரத்தினம். அவள் அடுத்த வீடு. அவள் வாயும் அவள் கோழிகளும் எந்த வேலிக்கும் அடங்காதவை.

மறுநாள் தகரக்கடை காதர் பாயிடம் கறுப்பு டிரங்குப் பெட்டி வாங்கி, அதன்மேல் வெள்ளை பெயின்டில் பிரமிளாவின் பெயரையும் நம்பரையும் எழுதி, கூடத்தில் வைத்துக் கட்ட ஆரம்பித்தேன். கம்பளி உடுப்பு இரண்டு, சாக்ஸ் ஆறு ஜோடி, வெள்ளைச் சேலைகள், வாசலினில் பெரிய டப்பா, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய். எல்லாம் வைத்த பிறகு பெட்டியின் வாயிலிருந்து ஒரு முழத்துக்கு இடம் காலியாக இருந்தது. போர்வை வைத்தேன், ஒரு முழம் இருந்தது. தலையணை வைத்தேன், ஒரு முழம் இருந்தது. கடையிலிருந்து பழைய மோட்டார் உறை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன், அது தலையணையைத் தாண்டி எங்கோ கீழே போய் உட்கார்ந்தது, ஒரு முழம் இருந்தது. தூக்கிப் பார்த்தால் பெட்டி, கடையில் வாங்கியபோது இருந்த கனம்தான் இருந்தது.

காதர் பாயைக் கூப்பிட்டேன். அவர் தன் பெட்டியைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக் கோபமாக வந்து, வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், கம்பி அளவுகோலை இறக்கிப் பார்த்தார். அளவுகோல் முழுக்க உள்ளே போய், அவர் கையும் முழங்கை வரை போயிற்று.

"அளவு சரியாத்தான் கீது" என்றார் கையைத் துடைத்துக்கொண்டு. "நீ வைக்கிறதுதான் பத்தல."

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஏன் நிறையவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, என்ன வைத்தால் நிறையும் என்பதே பேச்சாக இருந்தது. வடக்கு என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரே தெரு, அதில் எல்லாருடைய ஆட்களும் வரிசையாக வீடெடுத்துத் தங்கியிருப்பார்கள், ஆகவே இடம் இருக்கும் பெட்டி ஒன்று வடக்கே போகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்கு வீடு பொட்டலம் வர ஆரம்பித்தது. ராஜஸ்தானில் இருக்கும் ரங்கநாயகி அம்மாள் மகனுக்கு அரிசி முறுக்கு, அஸ்ஸாமில் இருக்கும் நாகரத்தினத்தின் கணவருக்கு மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி, எங்கே இருக்கிறான் என்று அவன் அம்மாவுக்கே தெரியாத ஒரு சிப்பாய்க்குக் கருவாடு.

"அக்கா, நான் போற எடத்துலேருந்து அஸ்ஸாம் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல" என்றாள் பிரமிளா.

"நீ ஆபீசரு. ஜீப்பு குடுப்பாங்க இல்ல" என்றாள் நாகரத்தினம். "போற வழியில எறக்கிட்டுப் போ."

பொட்டலங்கள் உள்ளே போயும் ஒரு முழம் குறையவில்லை. எலிக்குப் பயந்து நெல் மூட்டை கொண்டுவந்து வைத்தவர்கள் உண்டு, மருமகள் கண்ணில் படக் கூடாதென்று பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து வைத்தவர்கள் உண்டு, கோயில்காரர்கள் ஒலிபெருக்கிக் குழாய் இரண்டை வைத்துவிட்டு ஆடித் திருவிழாவுக்கு முன் பெட்டி திரும்பி வந்துவிடுமா என்று கேட்டார்கள். நான்காம் நாள் நாகரத்தினத்தின் சிவப்புக் கோழி தானாக ஏறி உள்ளே குதித்தது. கையை விட்டுத் துழாவினோம், அகப்படவில்லை, ஆனால் மறுநாள் காலையில் முட்டையிட்ட சத்தம் கொக்கரிப்பாக ஆழத்திலிருந்து கேட்டது.

"நல்லாத்தான் கீது" என்று நாகரத்தினம் காது வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "எடம் புடிச்சிருக்குது போல."

இதையெல்லாம் பார்த்து எல்லாரும் கவலைப்பட்டார்கள், நான் படவில்லை. வெளியே சொல்லக்கூடியதில்லை, ஆனால் இத்தனை வருடம் கழித்து மறைத்து என்ன ஆகப்போகிறது. பெட்டி நிறையாவிட்டால் பூட்ட முடியாது, பூட்டாவிட்டால் அவள் போக முடியாது என்று தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மூடியைத் திறந்து, அந்த ஒரு முழத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினேன். பிரமிளாவோ நாளாக நாளாக முகம் வாடிக்கொண்டே வந்தாள். "நிறையுமா?" என்று கேட்பாள். "நிறையும்" என்பேன். வைக்கிறேன் என்று இரண்டு வைக்கோல் கட்டைத் திணிப்பேன். அவள் ஒருமுறை தானே பூட்டப் பார்த்தாள். மூடி விழுந்தது, நாதாங்கி பொருந்தவில்லை.

"பூட்டாமலே போறேன்" என்றாள்.

ரங்கநாயகி அம்மாள் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "பூட்டாத பெட்டியோட இந்த ஊர்லேருந்து யாரும் போனதில்ல லெப்டினென்ட்டு. போறதுன்னா என் மேல ஏறிப் போ."

அவர் மேல் ஏறிப்போவது லெப்டினென்டால் ஆகிற காரியமில்லை, தளபதியாலும் ஆகாது.

திங்கட்கிழமை அந்த அம்மாள் குழாயடியில் என்னை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். அவளோட சண்டை போட்டியா?"

"இல்லையேம்மா."

"கல்யாணம் ஆனதுலேருந்தா?"

"ஆமாம்மா."

குடங்களைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள், சொல்லச் சொல்லத்தான் அவர்களுக்கே அது விளங்கிற்று. சுபேதார் முதல்முறை மலைக்குப் போனபோது, மாமியார் போட்ட மூக்குத்தியில் கல் போலி என்று ரங்கநாயகி அம்மாள் இரண்டு நாள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தார். நாகரத்தினம் அவள் கணவருடைய ரேடியோவைக் கிணற்றில் போட்டிருந்தாள். இன்னொருத்தி, புருஷன் பூனைக்குப் பால் வைத்ததற்காக. ஊரில் கடைசி நாள் சண்டை இல்லாமல் ஒரு பெட்டியும் பூட்டப்பட்டதில்லை, அது வழக்கம் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"இன்னிக்கே போய்ப் போடு" என்று ஆணையிட்டார் ரங்கநாயகி அம்மாள்.

"எதுக்கும்மா போடறது?"

"காரணம் பாத்தா சண்டை போடுவாங்க? உப்புல ஆரம்பி."

மதியம் சாப்பிடும்போது, "சாம்பார்ல உப்பு இல்ல" என்றேன்.

"நீங்கதானே வச்சீங்க" என்றாள் பிரமிளா.

"ஆமா" என்றேன். ஜன்னலுக்கு வெளியே பதினோரு பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது கேட்டது.

மறுநாள் அவள் பிறந்த வீட்டைப் பற்றி ஏதாவது சொல் என்றார்கள். அவள் அப்பா ரயில்வேயில் கேங்மேன், போகும்போதெல்லாம் வயல் நண்டு பிடித்துவந்து எனக்குக் குழம்பு வைத்துக் கொடுத்தவர். யோசித்து யோசித்துப் பார்த்து, "உங்கப்பா நண்டு..." என்று ஆரம்பித்து, "ரொம்ப நல்லா இருக்கும்" என்று முடித்தேன். சாயங்காலம் நாகரத்தினம் என்னை மாட்டுக் கொட்டகையில் நிறுத்திக் கை ஓங்கவும் கண்ணை உருட்டவும் பழக்கினாள். வீட்டுக்கு வந்து கண்ணை உருட்டினேன். பிரமிளா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தெர்மாமீட்டரை வாயில் வைத்து, பேசக் கூடாது என்றாள். தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு யாரும் சண்டை போட முடியாது.

புதன்கிழமை வந்தது. அடுத்த நாள் மதியம் ரயில். காலையில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, வரிசையில் எல்லாக் குடங்களும் நின்றன, நான் கூடத்தில் உட்கார்ந்து பெட்டிக்குள் தேங்காய்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டாவது தேங்காய் போனது, ஒரு முழம் இருந்தது.

"பாவிங்க" என்றேன், அவளை ஆறுதல்படுத்தலாம் என்று. "உன்னைப் போய் அங்க தள்றாங்க. எத்தனை பேர் இருக்காங்க, உன் பேர்தானா கெடைச்சது."

பிரமிளா சேலை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அவங்க தள்ளல" என்றாள். "நானாத்தான் பேர் கொடுத்தேன்."

நான் எழுபத்து மூன்றாவது தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"யார் போறீங்கன்னு கேட்டாங்க. கை தூக்கினேன். ஜுரத்துக்கு மாத்திரை கொடுத்துக்கிட்டே வயசாயிடக் கூடாதுன்னு தோணிச்சு. மார்ச் மாசமே."

"மார்ச்சா?"

"ஆமா."

"மார்ச்சுல நீ லீவுல வந்திருந்தே. எட்டு நாள் இங்கதான் இருந்தே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லல."

"ஏன், நான் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்டீங்க" என்றாள், அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "அதான் சொல்லல. சரின்னு சொல்லியிருப்பீங்க. நான் ஆத்துல குதிக்கிறேன்னாலும் சரின்னுதான் சொல்லுவீங்க. பதினாலாயிரம் அடி மலைங்க அது. எனக்கு எவ்ளோ பயமா இருக்கு தெரியுமா. போகாதேன்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும். அப்படி ஒருத்தர் சொன்னாத்தான் நான் போவேன்னு சொல்ல முடியும். நீங்க சரி சரின்னு தேங்கா எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா நான் யாரை மீறிக்கிட்டுப் போறது?"

வெளியே குடங்கள் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. யாரும் குடத்தை எடுக்கவில்லை.

எனக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. எரிந்த மோட்டாரில் கரண்ட் கொடுத்தால் முதலில் ஒரு முனகல் வருமே, அப்படி ஆரம்பித்து, பிறகு ஊர் முழுக்கக் கேட்டது என்று சொல்கிறார்கள். மார்ச்சிலிருந்து என்னை முட்டாளாக்கினாய் என்றேன், இரண்டு வருடம் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன் என்றேன், பேசவே பேசாதவன் யாரோடு பேசாமல் இருப்பேன் என்றேன், உன் வெள்ளைச் சேலைகளுக்குக் கஞ்சி போடக் கற்றுக்கொண்டதெல்லாம் எதற்கு என்றேன், உன் ரேங்கும் வேண்டாம், முதல் குடமும் வேண்டாம் என்றேன், தேங்காயைச் சுவரில் எறிந்தேன், அது உடைந்து தண்ணீர் என் மேலேயே தெறித்தது.

"போகாதே" என்றேன். "பிரமிளா, போகாதே."

"போவேன்" என்றாள் அவள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "போகத்தான் போவேன்."

பெட்டி ஒருமுறை முனகியது. பார்த்தேன். தேங்காயும் வைக்கோலும் நெல் மூட்டையின் காதும் ஒலிபெருக்கிக் குழாயின் வாயும் விளிம்புவரை வந்து நின்றன. விரல் நுழைக்க இடமில்லை, மூடி மூடவில்லை.

பெண்கள் ஈரச் சேலையோடு உள்ளே வந்தார்கள். மூடியின்மேல் உட்கார வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. முதலில் சிப்பாய் வீட்டுப் பெண் உட்கார்ந்தாள், மூடவில்லை. நாயக் வீட்டார் இருவர் உட்கார்ந்தார்கள், நாகரத்தினம் உட்கார்ந்தாள், ரங்கநாயகி அம்மாள் உட்கார்ந்தபோது கீல் கிரீச்சிட்டது, ஆனாலும் ஒரு அங்குலம் நின்றது.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற" என்றார் அந்த அம்மாள். "பெரிய ரேங்க்கு நீதானே. வந்து உக்காரு."

அவர்கள் எழுந்துகொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். நாதாங்கி டக்கென்று விழுந்தது. பூட்டி, இரண்டு சாவிகளில் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, மற்றதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். ஆட்டிப் பார்க்கலாம் என்றால் அசைக்கவே முடியவில்லை, அதுவரை காட்டாத கனம் முழுவதும் அந்த நிமிஷத்தில் அதற்கு வந்துவிட்டிருந்தது. மறுநாள் டிராக்டரில் ஏற்றி, காட்பாடியில் ஆறு போர்ட்டர்கள் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவர், "இன்னாம்மா கீது உள்ள, ஊரா?" என்று கேட்டார். உள்ளிருந்து கோழி பதில் சொன்னது. நான் கண்ணில் தண்ணீர் விடவில்லை. ரயில் போன பிறகு ரங்கநாயகி அம்மாள் மட்டும் முந்தானையால் மூக்கைச் சிந்தி, தூசி என்றார்.

நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. குழாயடியில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கோழி நலம் என்று எழுதியிருந்தாள், குளிருக்கு அதற்கு ஒரு சாக்ஸ் போட்டிருக்கிறேன், தினம் ஒரு முட்டை, அதை முறைவைத்து நோயாளிகளுக்குக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தாள். பொட்டலங்களை வருகிற லாரி, போகிற லாரி என்று ஏற்றிவிட்டதில் ராஜஸ்தானுக்கு முறுக்கு தூளாகவும், அஸ்ஸாமுக்கு ஊறுகாய் ஏழு மாதத்தில் நன்றாக ஊறியும் போய்ச் சேர்ந்தன என்று பின்னால் தெரிந்தது. கோழிக்கு என்ன ரேங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பதில் கடிதத்தில் கேட்கச் சொன்னாள் நாகரத்தினம். கடைசி வரியை மட்டும் நான் படித்துக் காட்டவில்லை. "நீங்கள் சொன்ன போகாதே பெட்டியில் மேலாகவே இருந்தது. பாதை மூடின நாட்களில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்."

இரண்டு வருடத்தில் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் போனாள், நானும் சண்டையில் தேறிவிட்டேன், உப்பில் ஆரம்பித்து அரைமணி நேரத்தில் பெட்டியைப் பூட்டுகிற அளவுக்கு. மேஜராக ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து, பதினோரு வருடம் என் சாம்பாரில் குறை சொன்னாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசிக் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. அந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்ட நேரம் கொடுக்கவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய உடுப்புகள், மெடல்கள், மூக்குக்கண்ணாடி, அந்த ஒற்றைக் கோழி சாக்ஸ், எல்லாவற்றையும் கறுப்புப் பெட்டியில் எடுத்துவைத்தேன். வாயிலிருந்து ஒரு முழத்துக்கு இடம் காலியாக இருந்தது. போர்வை வைத்தேன், ஒரு முழம் இருந்தது.

ரங்கநாயகி அம்மாள் இப்போது இல்லை. குழாயடியில் இன்னும் மேஜர் வீட்டுக் குடம்தான் முதலில் நிற்கிறது. நாகரத்தினம் மட்டும் கோலூன்றிக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து மூடியைத் திறந்து பார்ப்பாள்.

"நெறையலியாண்ணா?"

"இல்ல."

"என்ன சொல்லணும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லாம கீறே?"

அதைச் சொன்னால் பெட்டி நிறைந்துவிடும், நிறைந்தால் பூட்ட வேண்டும், பூட்டினால் அவள் கிளம்பிவிடுவாள். இதை நான் நாகரத்தினத்திடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததும் இல்லை. போன வாரம் வந்தபோது சற்று நேரம் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி, இருக்கட்டும்" என்றாள். "வீட்ல எலித் தொல்லை. என் வேர்க்கடலை மூட்டை ரெண்டு இதுல வச்சிக்கட்டுமா?"

"வை" என்றேன். "எடம் நெறைய இருக்கு."